வாடகை வீட்டில் மீட்டர் பழுது: காத்திருப்பதா, மனு கொடுப்பதா, சோதனை கேட்பதா?

தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு ஈ.பி. மீட்டர் ஒரு விசித்திரமான சமாச்சாரம். மீட்டர் மின்வாரியத்துடையது, இணைப்பு ஹவுஸ் ஓனர் பெயரில், பில் கட்டுவது நாம். ரீடிங் எடுத்ததும் வரும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் ஓனர் போனுக்குத்தான் போகும். அவர் அதைப் பார்த்து நமக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதற்குள், பணம் கட்டக் கொடுத்த 20 நாளில் பாதி ஓடியிருக்கும். மீட்டர் ஒழுங்காக ஓடும்வரை இதெல்லாம் யாருக்கும் உறுத்தாது. அது நின்றுவிட்டாலோ, பில் திடீரென்று எகிறினாலோதான் “இது யார் வேலை?” என்ற கேள்வி வருகிறது.

ஓனரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். நாமே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடலாம். பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மீட்டரைச் சோதிக்கச் சொல்லிப் பணம் கட்டலாம். குறைதீர்க்கும் மன்றம்வரை போகலாம். எதுவும் செய்யாமல் வருகிற பில்லைக் கட்டிக்கொண்டும் இருக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இதில் எது சரி என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. மீட்டருக்கு உண்மையில் என்ன ஆகியிருக்கிறது என்பது ஒன்று. நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து எத்தனை மாதம் ஆகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பணம் கைவிட்டுப் போவதோ பெரும்பாலும் அங்கேதான்.

முதலில், பழுது மீட்டரில்தானா?

“மீட்டர் ஓவரா ஓடுது” என்று சொல்கிறவர்களில் பலருடைய மீட்டரில் கோளாறே இருக்காது. இப்போது வீடுகளில் இருப்பவை எலெக்ட்ரானிக் மீட்டர்கள். அவை கெட்டால் பெரும்பாலும் திரை அணைந்துபோகும், எண் அப்படியே நின்றுவிடும், இல்லாவிட்டால் டெர்மினல் கருகும். நன்றாக இருந்த மீட்டர் திடீரென்று இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது அபூர்வம். அதனால் பில் எகிறினால் சந்தேகப்பட வேண்டிய வரிசை இதுதான்: ரீடிங், ஒயரிங், அதற்கப்புறம்தான் மீட்டர்.

ரீடிங்கைப் பார்ப்பது சுலபம். மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறி மாறி ஓடும். கிலோவாட் மணி என்று வரும் எண்ணை மட்டும் போட்டோ எடுங்கள். பில்லில் போட்டிருக்கும் ரீடிங் இன்றைக்கு மீட்டரில் தெரிவதைவிட அதிகமாக இருந்தால், விஷயம் அந்த ஒரு போட்டோவிலேயே முடிந்தது. இரண்டு ரீடிங்குக்கும் நடுவே எத்தனை நாள் என்பதையும் பாருங்கள். நம் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை ஒரு கணக்கு, 500ஐத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிவிட்டால், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை போய்விடும்; 500க்கு மேற்பட்ட யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். 60 நாளில் 460 யூனிட் ஓடும் வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் பத்து நாள் தாமதமாக வந்தால் 536 ஆகிவிடும். உபயோகம் கூடவில்லை, மீட்டரும் பழுதில்லை, ஆனாலும் பில் தாவியிருக்கும். அங்கே கேட்க வேண்டியது நாள் கணக்குப்படி பில்லைத் திருத்தச் சொல்வதுதான், மீட்டர் மாற்றம் இல்லை.

ஒயரிங் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமானது, போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடும் வீடுகளில் குறிப்பாக. உங்கள் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு மீட்டர் அருகே போய் நில்லுங்கள். மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் ஓட ஓடச் சிமிட்டும். மெயினை ஆஃப் செய்தபிறகு அது நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பார்த்தும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து யாரோ கரண்ட் எடுக்கிறார்கள். பொது மோட்டாராக இருக்கலாம், மாடிப்படி விளக்காக இருக்கலாம். அதேபோல, நீங்கள் மெயினை ஆஃப் செய்த நேரத்தில் மேல் போர்ஷனில் “அய்யய்யோ, கரண்ட் போயிடுச்சே” என்று குரல் கேட்டால், அவர்கள் வீட்டு ஃபேன் உங்கள் மீட்டரில் சுற்றுகிறது. இது வேண்டுமென்றே செய்த திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே வீட்டைப் பின்னால் மூன்றாகத் தடுத்துக் கட்டும்போது எலெக்ட்ரீஷியன் கிட்டத்தில் இருந்த ஒயரில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இதற்கு ஈ.பி. அலுவலகம் ஒன்றும் செய்யாது, செய்யவும் வேண்டியதில்லை. வீட்டின் ஒயரிங்கும் அதன் பராமரிப்பும் ஓனர் பொறுப்பு; வாடகைதாரர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறை ரிப்பேர் மட்டும் நம் கணக்கு.

இரண்டும் சரியாக இருக்கிறது, இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் சிமிட்டலை எண்ணலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, 1000 வாட் இம்மர்ஷன் ராடை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஓடவிட்டு, மூன்று நிமிடம் எண்ணுங்கள். 160 வர வேண்டும். வோல்டேஜ் குறைவான தெருவில் 130, 140 வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் ராடு இழுக்கும் கரண்டும் இறங்கும். 250 வந்தால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். ஐந்து சதவீதம், பத்து சதவீதம் வித்தியாசத்தை இந்த முறையில் பிடிக்க முடியாது. பெரிய கோளாறு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும், முடிவெடுக்க அதுவே போதும். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

ஓனரா, மின்னகமா, மனுவா?

ஓனரிடம் சொல்வதுதான் முறை, முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் சொல்லிவிட்டுக் காத்திருப்பது வேறு. பில் கட்டுவது நீங்கள் என்பதால் அவருக்கு அவசரம் இருக்காது. “பார்க்கலாம்பா, ஈ.பி.யில தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்” என்பதோடு இரண்டு பில் ஓடிவிடும். மீட்டர் நின்றுபோயிருந்தால் மட்டும் கணக்கு தலைகீழ். பாக்கி என்று ஒன்று பிறகு வந்தால் அது அந்த சர்வீஸ் நம்பரில்தான் ஏறும்; நீங்கள் காலி செய்து போயிருப்பீர்கள், ஓனர் அங்கேயே இருப்பார். “சார், நான் போனதுக்கப்புறம் ஷார்ட்ஃபால் வந்தா உங்க சர்வீஸ்லதான் விழும், இப்பவே ஈ.பி. மனுவுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அசையாத ஓனரும் அசைவார்.

மின்னகம் 2021 ஜூனில் தொடங்கிய புகார் மையம். 94987 94987 என்ற எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மீட்டரில் புகை, கருகல் வாசனை, தீப்பொறி என்றால் வேறு யோசனையே வேண்டாம், உடனே அங்கே அடியுங்கள். ஓனருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பில் தகராறுக்கு அது அவ்வளவு உதவாது. புகார் எண் கிடைக்கும், புகார் சுற்றிக்கொண்டு உங்கள் பிரிவு அலுவலகத்துக்கே வந்து சேரும். புகார் கொடுத்த தேதிக்கு ஓர் ஆதாரம் என்ற அளவில் அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நான் நம்புவது காகிதத்தைத்தான். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்க மனு. சர்வீஸ் நம்பர், மீட்டர் எண், இன்றைய ரீடிங், கோளாறு எப்போதிலிருந்து தெரிகிறது, நீங்கள் குடிவந்த தேதி, உங்கள் போன் நம்பர். கூடவே போட்டோ பிரிண்ட், வாடகை ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போடத் தயங்கினால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

“ஓனரை வரச் சொல்லுங்க” என்று அங்கே சொல்வார்கள். சட்டப்படி அப்படித் திருப்பி அனுப்ப இடமில்லை என்பதுதான் என் வாசிப்பு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் நுகர்வோர் என்று சொல்லும்போது, இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தை வைத்திருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி, ஓனர் ஆட்சேபணையின்மைக் கடிதம் தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுன்டரில் நின்று சட்டம் பேசி ஜெயித்தவர் குறைவு. ஓனரிடம் இரண்டு வரி அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். 2022 கடைசியில் ஆதாரை மின் இணைப்போடு இணைக்கச் சொன்னபோது சில வாடகைதாரர்கள் தங்கள் ஆதாரைக் கொடுத்தார்கள். அதனால் இணைப்பு தங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் உண்டு. மாறவில்லை.

சராசரி பில் என்னும் குழி

நின்றுபோன மீட்டர்தான் வாடகைதாரருக்கு உண்மையான ஆபத்து. பார்த்தால் லாபம் போலத் தெரியும்: கரண்ட் வருகிறது, எண் ஏறவில்லை. ஆனால் மீட்டர் பழுது என்று பதிவானதும் பில் சராசரிக் கணக்கில் போடப்படும். தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு 2004இன் 11ஆவது விதிப்படி, பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாத உபயோகத்தின் சராசரியை எடுப்பார்கள்.

இந்தச் சராசரி சர்வீஸ் நம்பருடைய சராசரி. உங்களுடையது இல்லை. நீங்கள் இரண்டு மாதத்துக்கு முன் குடிவந்தவர் என்றால், அந்த நான்கு மாதத்தில் பாதி உங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் ஓட்டிய கரண்ட். அவர்கள் வீட்டில் இரண்டு ஏ.சி., ஒரு கீசர், வீட்டிலிருந்தே வேலை பார்த்த இரண்டு பேர் இருந்திருக்கலாம். நீங்கள் காலையில் கிளம்பி இரவு வரும் தனி ஆள். பில் வரும்போது அவர்கள் ஏ.சி.க்குச் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள். பருவமும் இதே வேலையைச் செய்யும். ஜூலையில் மீட்டர் நின்றால் மார்ச் முதல் ஜூன் வரை ஓடிய கோடைக் கணக்குதான் சராசரி. ஜனவரியில் நின்றால் மழைக்காலக் கணக்கு, அப்போது உங்களுக்கு அனுகூலம்.

அதே விதியில் இதற்கு வழியும் இருக்கிறது. அந்த நான்கு மாதத்திலும் உபயோகத்தின் தன்மை பழுதான காலத்தைப் போலவே இருந்திருந்தால்தான் அந்தச் சராசரியை எடுக்கலாம். மாறியிருந்தால், அதற்கு முந்தைய 12 மாதத்தில் பொருந்தக்கூடிய தொடர்ச்சியான வேறு நான்கு மாதத்தை எடுக்க வேண்டும். அப்படியும் எதுவும் பொருந்தாவிட்டால், வீட்டில் என்னென்ன சாதனங்கள், எத்தனை மணி நேரம் என்று பொறியாளர் மதிப்பிட வேண்டும். அதனால்தான் மனுவில் குடிவந்த தேதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்க்கச் சொன்னேன். ஆள் மாறியது அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். வீட்டில் உள்ள ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஏ.சி. இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

அதே வீட்டில் இரண்டு, மூன்று வருடமாக இருப்பவர் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். சராசரி உங்களுடையதுதான். மனு கொடுத்து, மீட்டர் மாற்றும்வரை சராசரி பில்லைக் கட்டிவருவது மோசமான ஏற்பாடு இல்லை. புதிதாக வந்தவருக்குத்தான் ஒவ்வொரு பில்லும் இழப்பு.

சோதனைக்குப் பணம் கட்டலாமா?

மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம். கட்டணம் முன்னதாகக் கட்ட வேண்டும். மீட்டரைக் கழற்றி ஆய்வகத்தில் பார்ப்பார்கள், அல்லது இருக்கும் மீட்டரோடு சேர்த்து ஒரு செக் மீட்டர் வைத்துச் சில நாள் ஒப்பிடுவார்கள். மெயின் ஆஃப் சோதனையும் சிமிட்டல் எண்ணிக்கையும் சந்தேகத்தை உறுதிப்படுத்தினால் மட்டும் இதில் இறங்குங்கள். வெறும் எரிச்சலில் கேட்டால், “மீட்டர் சரியாக உள்ளது” என்று எழுத்தில் வந்து நிற்கும். அதற்கப்புறம் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று தெரியவந்தால் பில் ஏறவும் கூடும்.

இதைவிடச் சிக்கனமான வழி, ஓனர் சம்மதத்தோடு, மெயினுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே உங்கள் செலவில் ஒரு சப்-மீட்டர் போடுவது. எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும், போர்ஷன் வீடுகளில் ஓனர்கள் மாட்டுவதும் இதுதான். அதன் எண்ணை வைத்து ஈ.பி. பில் போடாது. ஆனால் ஒரு மாதத்தில் ஈ.பி. மீட்டர் 300, உள் மீட்டர் 190 என்று காட்டினால், நடுவில் இருக்கும் 110 யூனிட் எங்கே போகிறது என்று ஓனரோடு உட்கார்ந்து பேச முடியும். எனக்குத் தெரிந்த போர்ஷன் வீட்டுத் தகராறுகள் பலவும் அந்த மேசையிலேயே முடிந்தவை. ஓனரே சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடு என்றால், அந்த சப்-மீட்டரின் பழுது முழுக்க உங்களுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விஷயம். பிரிவு அலுவலகத்தில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பில் கையில் இருக்கிறது, கெடு நெருங்குகிறது

தகராறு நடக்கும்போது பில்லைக் கட்டாமல் விடுவது மிக மோசமான தேர்வு. ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு பேசுவதற்கு உங்களிடம் பலம் இருக்காது. மின்சாரச் சட்டம் 56ஆவது பிரிவில் ஒரு வசதி வைத்திருக்கிறது: கேட்ட தொகை முழுவதையும், அல்லது முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் கட்டியதன் சராசரியை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபணையோடு கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஆன்லைனில் பாதித் தொகையைக் கட்ட முடியாது என்பதால், அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். தகராறில் இருப்பது நூறு இருநூறு ரூபாய் என்றால் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, “ஆட்சேபணையோடு கட்டுகிறேன்” என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அரை நாள் லீவ் போட்டு அலைவதற்கு அது மலிவு.

பிரிவு அலுவலகத்தில் நகரவில்லை என்றால் அடுத்த படி, மாதந்தோறும் நடக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் நாள் கூட்டம். செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் தேதி வரும். மேற்பார்வைப் பொறியாளரே உட்கார்ந்திருப்பார், உங்கள் பிரிவின் உதவிப் பொறியாளரும் பக்கத்தில் நிற்பார். மாதக்கணக்கில் நகராத மீட்டர் மாற்றம் அங்கே நகர்வது உண்டு. செலவில்லை. அதற்கும் மேலே, ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தீர்ப்பும் பிடிக்காவிட்டால் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். வக்கீல் தேவையில்லை. ஆனால் மாதங்கள் ஆகும், 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் தீர்ப்பு வரும்போது வேறு ஊரில் இருப்பார். சில ஆயிரங்களுக்கு மேல் தகராறு இருந்தால், அல்லது அதே வீட்டில் தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் போங்கள்.

ஓனர் கோபத்தில் கரண்டை நிறுத்தினால் அது வேறு வழக்கு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அங்கே நிற்பது சுலபம்.

தொடக்கூடாதது மீட்டரின் சீல். “நான் திறந்து பார்த்துடறேன் சார்” என்று எந்த எலெக்ட்ரீஷியன் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீல் உடைந்திருந்தால் பேச்சு பழுதிலிருந்து மின் திருட்டுக்குப் போய்விடும். மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, அபராதம், வழக்கு. அப்போது வீட்டில் குடியிருந்தவர் யார் என்றுதான் கேட்பார்கள். குடிவரும் அன்றே மீட்டரையும் சீலையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவைத்தால் இந்தத் தொல்லை வராது.

மீட்டர் பழுதான நிலையிலேயே காலி செய்கிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கணக்கு பேசும்போது “கடைசி பில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சராசரி பில் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று ஓனருக்கும் தெரியாது. கடைசி இரண்டு ஒழுங்கான பில்களை வைத்து ஒரு தொகையைப் பேசிக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் தேதி வரைக்குமான மின் கட்டணம் முழுதும் தீர்ந்தது என்று, மீட்டர் எண்ணையும் பழுது புகார் எண்ணையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.